அழுத்தாதே... தொடு!

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி. மறுநாள் காலை பத்து மணிக்குள் கட்டுரை போயாக வேண்டும். கடைசிப் பாராவில் ஒரு வரியை வெட்டி மேலே ஒட்டணும், அவ்வளவுதான் பாக்கி. லேப்டாப்பின் டச்பேடில் விரலை வைத்து இழுக்கிறேன்... கர்சர் அசையவில்லை!

இன்னொரு தடவை இழுத்தேன். ஊஹூம். கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். அப்புறம் கட்டைவிரலால், கவரில் ஸ்டாம்ப் ஒட்டுகிற மாதிரி அழுத்தோ அழுத்தென்று அழுத்தினேன். கர்சர், நடுரோட்டில் படுத்துவிட்ட எருமை மாதிரி அதே இடத்தில் கிடந்தது.

லீவுக்கு வந்திருந்த அக்கா பெண் எட்டிப் பார்த்தாள். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். ''மாமா, அதைப் போட்டு ஏன் இப்படிக் குத்தறீங்க? கிளிக் பண்ணத்தான் அழுத்தணும். நகர்த்தறதுக்கு அழுத்தம் எல்லாம் அதுக்குப் புரியவே புரியாது. தொட்டாலே போதும்!''

''தொட்டாலும்தான் போகலையே?''

''நகருங்க...'' என்று உட்கார்ந்தவள், கீபோர்டின் இடது மூலையில் இருக்கும் எஃப்.என். சாவியையும் மேல்வரிசையில் டச்பேட் படம் போட்ட ஒரு சாவியையும் சேர்த்து அமுக்கினாள். கர்சர் துள்ளி எழுந்தது. டைப் அடிக்கும் அவசரத்தில் நானேதான் தெரியாமல் அதை ஆஃப் செய்திருக்கிறேன்!

கட்டுரை போய்விட்டது. ஆனால், அவள் சொன்னது மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அழுத்தம் புரியாது என்றால், அந்த மொட்டைப் பலகைக்கு வேறு எதுதான் புரியும்?

பதில் தேடிக் கிளம்பினால், லேப்டாப்பை எல்லாம் தாண்டி 1746-ம் வருஷத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஹாலந்து தேசத்தில் லைடன் என்று ஓர் ஊர். அங்கே மூஷன்புரூக் என்கிற பேராசிரியர், கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மின்சாரத்தைப் பிடித்து அடைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அடைபட்டது! தொட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரெஞ்சு ராஜ்ஜியத்தையே எழுதிக் கொடுத்தாலும் இன்னொரு தடவை தொட மாட்டேன் என்கிற ரீதியில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். (அவருக்குச் சில மாதங்கள் முன்பே ஃபான் கிளைஸ்ட் என்கிற ஜெர்மானியரும் இதே மாதிரி அடி வாங்கியிருந்தார்.)

அதே வருஷம் பிரான்ஸில் நொல்லே என்கிற பாதிரியார் ஒருபடி மேலே போனார். மன்னர் பதினைந்தாம் லூயியின் முன்னால் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்க வைத்து, ஜாடியின் மின்சாரத்தை அவர்கள் வழியே செலுத்தினார். 180 பேரும் ஒரே நேரத்தில் எகிறிக் குதித்தார்கள். சபையில் ஒரே குஷி. வீரர்களுக்கு எப்படி இருந்ததோ!

கூத்து ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் ஒரு பெரிய உண்மை வெளியே வந்தது. மனித உடம்பு மின்சாரத்துக்கு அந்நியம் அல்ல. அது வயரிங்கில் ஒரு பகுதியாகவே ஆகிவிடும்.

அந்த ஜாடிதான் உலகின் முதல் கெப்பாசிட்டர். தமிழில் மின்தேக்கி. வீட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலெக்ட்ரீஷியன் வந்து, ''கண்டென்சர் போச்சு சார்'' என்பாரே, அதுவும் இதேதான். இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் மின்சாரத்தைக் கடத்தாத ஏதோ ஒன்று. அவ்வளவுதான் சமாசாரம். முக்கியமான விஷயம் என்னவென்றால், அந்த இரண்டு தகடுகளில் ஒன்றாக நீங்களே இருக்கலாம்!

இதை முதலில் காசாக்கியவர் ஒரு ரஷ்யர். லெவ் தெர்மென். மேற்கத்தியர் வாயில் நுழைந்து 'தெரெமின்' ஆனார். 1920 வாக்கில் பெட்ரோகிராட் ஆய்வுக்கூடத்தில், வாயுக்களின் மின்தன்மையை அளக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். காதில் ஹெட்போன். கையைக் கருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஹெட்போனில் சத்தம் மாறியது. விலக்கினால் மறுபடி மாறியது. வேறொரு விஞ்ஞானியாக இருந்தால், 'சனியன், கருவி மக்கர் பண்ணுது' என்று திட்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்திருப்பார். தெரெமின் செல்லோ வாசிக்கத் தெரிந்தவர். கையைக் காற்றில் அசைத்து அசைத்து ஒரு பாட்டையே வாசித்துவிட்டார்!

தொடாமலே வாசிக்கும் அந்த வாத்தியத்தை 1922-ல் லெனினுக்கே வாசித்துக் காட்டினார். கூடவே, அதே தத்துவத்தில் யாராவது கிட்டே வந்தால் மணியடிக்கும் ஒரு திருட்டு அலாரத்தையும் காட்டினார். 1927-ல் அமெரிக்கா போய்ப் பேரும் புகழுமாக வாழ்ந்தார். 1938-ல் சோவியத்துக்குத் திரும்பினார். மறுவருஷமே ஸ்டாலின் ஆட்கள் கைது செய்து கொலிமா முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு, விஞ்ஞானிகளை அடைத்துவைத்து வேலை வாங்கும் சிறைக்கூடம் ஒன்றுக்கு மாற்றினார்கள்.

அங்கே அவர் செய்த ஒரு கருவி, ஜேம்ஸ்பாண்ட் படத்தில்கூட வராது! 1945 ஆகஸ்ட்டில் சோவியத் பள்ளிப் பிள்ளைகள், மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். தூதரும் ஆசையாக வீட்டில் மாட்டிவைத்தார். உள்ளே தெரெமினின் ஒட்டுக்கேட்கும் கருவி! பேட்டரி கிடையாது, வயர் கிடையாது. ஒரு மெல்லிய சவ்வும் அதன் பின்னால் ஒரு தட்டும் சேர்ந்து ஒரு குட்டி மின்தேக்கி. பேச்சுச் சத்தத்தில் சவ்வு அதிரும்; மின்தேக்கியின் அளவு மாறும். வெளியிலிருந்து ரேடியோ அலையை அதன்மேல் பாய்ச்சி, அந்த மாற்றத்தைப் படித்துக்கொண்டார்கள். நாலு தூதர்கள் மாறினார்கள். முத்திரை மட்டும் 1952 வரை சுவரில் தொங்கியது.

இது என் டச்பேடுக்கு எங்கே வருகிறது என்கிறீர்களா? இதோ!

1968 டிசம்பர் 9. சான்ஃபிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பர்ட் என்கிற ஆராய்ச்சியாளர், சுமார் ஆயிரம் பேர் முன்னால் ஒரு பெட்டியை மேஜைமேல் உருட்டிக் காட்டினார். அதுதான் மவுஸ். காப்புரிமை அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்கு. ஆப்பிள் கம்பெனிக்கு அதைச் சுமார் 40,000 டாலருக்கு அவர்கள் உரிமம் கொடுத்தார்கள் என்பதே எங்கெல்பர்ட்டுக்குச் சில வருஷம் கழித்துத்தான் தெரியுமாம். மவுஸ் உலகத்தையே வளைத்துப் போட்டது. ஆனால், அதற்கு ஒரு மேஜை வேண்டும்!

மடியில் வைக்கிற கம்ப்யூட்டருக்கு மேஜைக்கு எங்கே போவது? 1983-ல் கவிலன் என்கிற கம்பெனி சுமார் 4,000 டாலர் விலையில் ஒரு லேப்டாப் கொண்டுவந்தது. அதில் கீபோர்டுக்கு மேலே விரலால் தடவ ஒரு பட்டை இருந்தது. ஐடியா பிரமாதம். கம்பெனிதான் ஓரிரண்டு வருஷத்தில் திவால்!

அப்புறம் பக்கவாட்டில் கிளிப் போட்டு மாட்டும் உருண்டைகள் வந்தன. 1991 அக்டோபரில் ஆப்பிள் தன் பவர்புக் லேப்டாப்புகளில் ஒரு காரியம் செய்தது. அதுவரை லேப்டாப்பின் முன்விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த கீபோர்டைப் பின்னால் தள்ளி, முன்னால் மணிக்கட்டு வைத்துக்கொள்ளத் திண்ணை மாதிரி இடம் விட்டது. நடுவில் ஒரு உருண்டை. இந்த உருண்டைகூடப் பழைய சரக்குதான். 1952-ல் கனடா கடற்படைக்காகச் செய்த ராடார் கருவியில் பவுலிங் விளையாட்டுப் பந்தையே வைத்து உருட்டியிருக்கிறார்கள்.

உருண்டையின் எதிரி தூசு. பழைய மவுஸைத் திருப்பிப் போட்டு, மூடியைத் திருகி, பந்தை எடுத்து, உள்ளே உருளையில் சுற்றியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டியவர்கள் கை தூக்குங்கள். நானும் தூக்கியிருக்கிறேன். அசையும் பாகம் எதுவாக இருந்தாலும் ஒரு நாள் அடைத்துக்கொள்ளும். அப்படியானால், அசையும் பாகமே இல்லாமல் ஒன்று செய்ய முடியுமா?

இரண்டு கோஷ்டிகள் களத்தில் இறங்கின. ஒருவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஜார்ஜ் கெர்ஃபைட். 1988-லேயே மின்தேக்கி முறையில் விரலைப் படிக்கும் பலகையைக் கண்டுபிடித்து, பிறகு சர்க் என்கிற கம்பெனியை ஆரம்பித்தவர். இன்னொரு பக்கம் ஃபெடரிகோ ஃபாஜின். ஆசாமி லேசுப்பட்டவர் அல்ல! 1971-ல் வந்த இன்டெல் 4004, அதாவது கடையில் விற்பனைக்கு வந்த முதல் மைக்ரோபிராசஸரை வடிவமைத்த குழுவின் தலைவர். அந்தச் சிப்பின் ஓரத்தில் தன் இனிஷியலையே பொறித்து வைத்தவர். 1986-ல் கார்வர் மீட் என்கிற மேதையோடு சேர்ந்து சினாப்டிக்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். நோக்கம், மனித மூளை மாதிரியே யோசிக்கும் சிப் செய்வது. அந்தச் சந்தை அப்போது பிறக்கவே இல்லை. மூளையைச் செய்யப் புறப்பட்டவர்கள், கடைசியில் விரலைப் படிக்கும் பலகையை விற்றுப் பிழைத்தார்கள். நன்றாகவே பிழைத்தார்கள்! அடுத்த இருபது வருஷத்தில் வந்த லேப்டாப்புகளில் ஏராளமானவற்றுக்குள் அவர்கள் சரக்குதான்.

1994 மே மாதம், ஆப்பிளின் பவர்புக் 500 வரிசை வெளிவந்தது. உருண்டை போய், அந்த இடத்தில் மொட்டைப் பலகை. அப்புறம் எல்லாக் கம்பெனிகளும் அதையே பிடித்துக்கொண்டன. தெரெமின் அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1993 நவம்பரில், 97 வயதில் மாஸ்கோவில் காலமாகியிருந்தார். காற்றில் கையசைத்து அவர் வாசித்ததைத்தான், இன்றைக்கு நாம் பலகைமேல் விரலால் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

டச்பேடுக்கு அடியில், கோலத்துக்குப் புள்ளி வைத்துக் கட்டம் போட்ட மாதிரி, மெல்லிய உலோகக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும் கொஞ்சூண்டு மின்சாரம். உங்கள் விரல் மேலே வந்ததும் அதில் துளியை உடம்பு இழுத்துக்கொள்கிறது. எந்தக் கோட்டில் எவ்வளவு குறைந்தது என்று ஒரு சிப் விநாடிக்குப் பல பத்து முறை கணக்கெடுக்கிறது. அந்தத் துளி எவ்வளவு தெரியுமா? உங்கள் ஃபேனில் இருக்கும் கண்டென்சர் 2.5 மைக்ரோஃபாரட் என்றால், டச்பேட் தேடுவது அதில் 25 லட்சத்தில் ஒரு பங்கு என்கிற அளவு!

இது மட்டும் புரிந்துவிட்டால், டச்பேட் ஏன் படுத்துக்கொள்கிறது என்பதில் பாதி புரிந்துவிடும்.

கை கழுவிவிட்டு ஈரத்தோடு தொட்டால் கர்சர் பேயாட்டம் ஆடுகிறதா? தண்ணீர்த் துளியும் அதற்கு ஒரு விரல்தான். ஒரே நேரத்தில் அஞ்சாறு விரல் தெரிந்தால் பாவம், அது யார் பேச்சைக் கேட்கும்? துடைத்துக் காயவிட்டால் சரியாகிவிடும். தடிமனான ஸ்டிக்கர், கையுறை எல்லாம் நேர் எதிர். விரல் இருப்பதே தெரியாது.

அடுத்த சனிக்கிழமை எனக்கு நடந்தது வேறு. சார்ஜர் சொருகியிருக்கும்போது மட்டும் கர்சர் தாவித் தாவி ஓடியது. சார்ஜரைப் பிடுங்கினால் சமர்த்து! சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பின் உலோக மூடியைத் தடவினால் ஜிவ்வென்று கூசும், கவனித்திருக்கிறீர்களா? எர்த் இல்லாத ரெண்டு பின் ப்ளக்கின் உபயம் அது. மூணு பின் இருந்தும் சுவரில் எர்த் வயரே இழுக்காத வீடுகளிலும் இதே கதிதான். 25 லட்சத்தில் ஒரு பங்கைத் தேடுகிற பலகைக்கு அந்தக் கசிவு, கல்யாண மண்டபத்துச் செண்டை மேளம் மாதிரி. அதில் விரல் பேசுவது எங்கே காதில் விழும்? எர்த் ஒழுங்காக உள்ள வேறு பாயின்ட்டில் சொருகினேன். சரியாகிவிட்டது.

அந்த எஃப்.என். சாவிக்கும் ஒரு கதை உண்டு. மணிக்கட்டு வைக்கும் திண்ணைக்கு நடுவிலேயே தொட்டால்சிணுங்கியை நட்டால் என்ன ஆகும்? டைப் அடிக்கும்போது கட்டைவிரல் உரசி, கர்சர் வேறு வரிக்கு ஓடிவிடும். அதனால்தான் உள்ளங்கை எது, விரல் எது என்று பிரித்தறிய மென்பொருள் எழுதினார்கள். 'அதுவும் வேண்டாம்' என்கிறவர்களுக்கு ஆஃப் செய்ய ஒரு சாவி. சில லேப்டாப்புகளில், வெளி மவுஸ் சொருகினால் டச்பேட் தானாகவே தூங்கும்படியும் செட்டிங் இருக்கும்.

கர்சர் நகர்கிறது, ஆனால் இரண்டு விரலால் தள்ளினால் பக்கம் நகரவில்லையா? இதற்கும் சரித்திரக் காரணம் இருக்கிறது. ஆரம்ப காலத்து டச்பேடுகள், 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த பி.எஸ்.-2 மவுஸ் பாஷையில்தான் பேசின. கம்ப்யூட்டரிடம் 'நானும் மவுஸ்தான்' என்று வேஷம் போட்டு வேலைக்குச் சேர்ந்தன. டிரைவர் மென்பொருள் கெட்டுப்போனால் பலகை பழைய வேஷத்துக்குத் திரும்பிவிடும். சாதா மவுஸுக்குத் தெரிந்தது மட்டும்தான் தெரியும். 2013-ல் விண்டோஸ் 8.1 வந்தபோது மைக்ரோசாஃப்ட் இதற்குப் பொதுவான ஒரு முறையை வகுத்தது. பழைய மாடல் என்றால், டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பதுதான் வழி.

இரண்டு விரல் என்றதும் வேய்ன் வெஸ்டர்மேனைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். டைப் அடித்து அடித்துக் கையில் தீராத வலி. சாவியை அழுத்தவே முடியவில்லை. அழுத்தாமல், சும்மா தொட்டே எழுத ஒரு பலகை செய்தால் என்ன என்று தன் பேராசிரியர் ஜான் இலியாஸோடு உட்கார்ந்தார். 1998-ல் ஃபிங்கர்வொர்க்ஸ் என்கிற குட்டிக் கம்பெனி பிறந்தது. கை வலிக்காரர்கள் கொண்டாடினார்கள். 2005-ல் ஆப்பிள் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. 2007-ல் ஐபோன்! உலகமே இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்ததே, அதற்குப் பின்னால் இருந்தது ஒரு மாணவரின் விரல் வலி.

அழுத்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். 2015-ல் ஆப்பிள் தன் மேக்புக்கில் அழுத்தம் அளக்க நாலு சென்சார்களைத் தனியாகப் பலகைக்குக் கீழே வைத்தது. அந்தப் பலகை கீழே இறங்கவே இறங்காது. காந்தம் ஒன்று லேசாக உதறி, 'கிளிக்' ஆன மாதிரி விரலை ஏமாற்றும். லேப்டாப்பை ஆஃப் செய்துவிட்டு அழுத்தினால் கருங்கல்!

என்னுடையது அந்த ரகம் இல்லை. அழுத்தினால் கீழே இறங்கிக் கிளிக் ஆகிற சாதாரண பலகை. மூன்றாவது வாரம் அது இறங்க மறுத்தது. இதற்குள் நான் அரை டாக்டர் ஆகியிருந்தேனே! எஃப்.என். பார்த்தாச்சு. துடைச்சாச்சு. சார்ஜரைப் பிடுங்கியாச்சு. ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. ம்ஹூம். கிளிக் மட்டும் விழவே இல்லை. பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் கட்டைவிரலால் அழுத்த ஆரம்பித்தேன். மூன்று நாள் அழுத்தினேன். மேஜையில் லேப்டாப் லேசாக ஆடியது. மூடினால் மூடி முழுசாகப் படியவில்லை. 'மேஜை கோணல் போலிருக்கு' என்று அடியில் ஒரு காகிதத்தை மடித்து வைத்த மேதாவி நான்.

கடைசியில் ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். இருபத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும். வாங்கியவர் ஆன் செய்யவே இல்லை. பக்கவாட்டில் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

''சார்ஜ் போட்டீங்களா சார்?''

''காலையில கூடப் போட்டேனே.''

''இனிமே போடாதீங்க'' என்றவர், அடிமூடியைக் கழற்றினார். உள்ளே, டச்பேடுக்கு நேர் கீழே, தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. அதுதான் பலகையைக் கீழே இறங்கவிடாமல் முட்டுக்கொடுத்திருக்கிறது.

''எத்தனை நாளா சார் இதை அழுத்திட்டிருந்தீங்க?''

நான் பதில் சொல்லவில்லை.

லித்தியம் அயான் பேட்டரியை சோனி கம்பெனி 1991-ல் கடைக்குக் கொண்டுவந்தது. பவர்புக்கில் அந்த மணிக்கட்டுத் திண்ணை வந்ததும் அதே வருஷம்தான்! அப்போது இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. லேப்டாப் மெலிய மெலிய, கழற்றி மாட்டுகிற உருளை பேட்டரிகள் போய், மெத்தென்ற உறை போட்ட தட்டை பேட்டரிகள் அந்தத் திண்ணைக்கு அடியில் குடியேறின. வயசானாலோ, சூடு அதிகமானாலோ உள்ளே ரசாயனம் சிதைந்து வாயு சேரும். இரும்புக் கூடு இல்லாததால் உறை ஊதிக்கொள்ளும். அந்த நிலையில் அழுத்தியோ குத்தியோ உள்ளே இருக்கும் அடுக்குகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால், தீ! இந்த பேட்டரிக்கு வித்திட்ட மூன்று பேருக்கு 2019-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசுக்குத் தகுதியான கண்டுபிடிப்புதான், சந்தேகமில்லை. கட்டைவிரலால் குத்துவதற்கு ஏற்ற கண்டுபிடிப்பு இல்லை.

ஆகவே, உங்கள் டச்பேட் நின்றுபோனால் முதலில் கையை எடுத்துவிடுங்கள். லேப்டாப்பை மூடிப் பக்கவாட்டில் பாருங்கள். பலகை மேடாக இருக்கிறதா, மூடி படியவில்லையா, சமமான மேஜையில் ஆடுகிறதா? ஆமாம் என்றால் உடனே ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, நேரே மெக்கானிக். பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள். இல்லை என்றால் பயமில்லை. எஃப்.என். சாவி, ஈரம், சார்ஜர், ரீஸ்டார்ட், டிரைவர் என்று வரிசையாகப் பாருங்கள். வெளி மவுஸ் ஒன்றைச் சொருகிக்கொண்டால் இதையெல்லாம் செய்ய வசதி. எதற்கும் அசையாவிட்டால், உள்ளே டச்பேடின் ரிப்பன் வயர் கழன்றிருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

புது பேட்டரி போட்டு வீட்டுக்கு வந்ததும், அக்கா பெண்ணுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

''மாமா... நான்தான் அன்னிக்கே சொன்னேனே, அழுத்தாதீங்கன்னு!''

சொன்னாள்தான். நான்தான் அதற்கு 1746-லிருந்து ஆரம்பித்து சாட்சி தேடிக்கொண்டிருந்தேன்.